பட்டாணிக்கு நான் போட்ட மார்க்

மார்ச் 4, புதன், இரவு

அண்ணா,

நான் உனக்கு எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. பதில் எழுதினால் வீட்டு முகவரிக்கு எழுதாதே. கீழ்த்தளத்துத் தையல்காரம்மாவின் கடைக்கு அனுப்பு. உள்ளே இன்னொரு உறை வைத்து அதன்மேல் 'டமாரம்' என்று போடு. நீ என்னை அப்படிக் கூப்பிடுவது அவருக்குத் தெரியும். அம்மாவின் போனில் பேசலாம் என்று நினைக்காதே. நீ போனதிலிருந்து அப்பா தினமும் அதில் யார் யார் பேசினார்கள் என்று பார்க்கிறார்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இடது கை பக்கத்தில் தூங்கும் நம் குட்டித் தங்கை பட்டாணியின் கையோடு ரிப்பனில் கட்டியிருக்கிறது. அவள் புரண்டால் தாளும் புரள்கிறது.

பட்டாணியின் பள்ளியிலிருந்து போன வாரம் ஒரு கடிதம் வந்தது. இந்த வருடத்து மீளாய்வுக் கூட்டம் மார்ச் 26. பெற்றோர் கருத்துப் படிவத்தை 23-க்குள் கொடுக்க வேண்டும். இது வருடா வருடம் வருவதுதான். ஆனால் கடைசிப் பத்தியில், வீட்டில் மாணவி நல்ல முன்னேற்றம் கண்டிருப்பதால் அடுத்த பருவத்திலிருந்து தனி உதவியாளரை விலக்கிக்கொள்ள உத்தேசித்திருப்பதாகப் போட்டிருக்கிறது.

அப்பா அதை இரண்டு தடவை வாசித்தார். "பாத்தியா, என் பொண்ணு பாஸ்!" என்று பட்டாணியைத் தூக்கிச் சுற்றினார். அவளுக்குச் சுற்றுவது பிடிக்காது என்பதை மறந்துவிட்டார். அவள் கத்தின கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அம்மா துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணா, அந்த முன்னேற்றம் நான் எழுதியது.

செப்டம்பரில் அரையாண்டுப் படிவம் வந்தது. முன்பெல்லாம் நீதான் எழுதுவாய். நீ இல்லை. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து வந்து கண் சொருகிக்கொண்டே, "நீயே எழுதிடு, உன் கையெழுத்து அழகா இருக்கும்" என்றாள். எனக்குத் தெரிந்த படிவம் ஒன்றே ஒன்றுதான், பரீட்சை விடைத்தாள். எந்தக் கேள்வியையும் காலியாக விடாமல் எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாக எழுதினேன். பட்டாணி பாஸாக வேண்டும் என்று நினைத்தேன். மார்க் குறைந்தால் என்ன ஆகும் என்று போன வருடம் பார்த்துவிட்டேனே. நீ கூட்டத்தில் உண்மையைச் சொன்னாய். ஒரே வாரத்தில் உன் பெட்டி வீட்டில் இல்லை.

தானாகச் சட்டை போடுவாள் என்று எழுதினேன். நான் முதலில் கழுத்துப்பட்டியில் உறுத்தும் துணிச்சீட்டை வெட்டி, தலைவழியாக மாட்டி, வலது கையை இழுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இடது கையை அவளே நுழைப்பாள். அந்த இடது கையைத்தான் எழுதினேன். இரவு முழுவதும் தூங்குவாள் என்று எழுதினேன். அம்மாவும் அப்பாவும் தூங்குவார்கள் என்பதுதான் உண்மை.

நேற்று அவளைக் கூட்டிவரப் போனபோது உதவியாளர் அக்கா வாசலில் என்னை நிறுத்தி, "வீட்ல தானாவே எல்லாம் செய்யறாளாமே? இங்க செருப்பு மாட்டக்கூட என் தோள் வேணும் அவளுக்கு" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பையைத் தோளில் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அக்காவை எடுத்துவிட்டால் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு நடுவில் பட்டாணி தனியாக உட்கார வேண்டும். எட்டு வயதில் அவளுக்குப் பன்னிரண்டு வார்த்தைதான் தெரியும். இப்போது உண்மையை எழுதினால் நான் பொய் சொன்னது தெரிந்துவிடும். எழுதாவிட்டால் அக்கா போய்விடுவார். என்ன செய்வது?

தங்கை


மார்ச் 8, ஞாயிறு

டமாரம்,

பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைத் தெரு முழுக்க அறிவித்தவள் நீ. உன் வயிற்றில் ஒரு பொய் ஆறு மாதம் தங்கியது என்றால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

இங்கே நன்றாக இருக்கிறேன். குளிர்பெட்டி பழுதுபார்க்கும் பட்டறை. ஒரு அறையில் நாலு பேர். ஒருத்தன் தூக்கத்தில் சினிமா வசனம் பேசுவான், மற்றபடி குறையில்லை.

படிவத்துக்கு வருகிறேன். நேராக அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடு. அதற்குப் பயமாக இருந்தால் ஒன்றும் செய்யாதே, விட்டுவிடு. உதவியாளர் போனால் போகட்டும். பள்ளிக்காரர்களே ஒரு மாதத்தில் திணறிப்போய், இவளுக்கு ஏற்ற வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்பார்கள். போன வருடம் நான் சொன்னதும் அதைத்தான். உண்மையைச் சொன்னவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரியும். நீயும் வந்து சேர்ந்தால் இந்த அறையில் ஐந்தாவது பாய் விரிக்க இடமில்லை.

அது என்ன ரிப்பன்? ஏன் கட்டிக்கொள்கிறாய்?

அண்ணன்


மார்ச் 11, புதன், இரவு

அண்ணா,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது கிழிக்கலாமா என்று இருந்தது.

திங்கட்கிழமை உதவியாளர் அக்காவுக்குக் காய்ச்சல். அவர் வராதது அந்த ஒரு நாள்தான். இடைவேளை மணி அடித்ததும் பட்டாணி காதைப் பொத்திக்கொண்டு எழுந்து, வகுப்பைத் தாண்டி, காவலாளியைத் தாண்டி, ரோட்டுக்கே போய்விட்டாள். குப்பை வண்டி ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்து நிறுத்தியிருக்கிறார். அவர் இறங்கிப் பார்த்தபோது இவள் வண்டியின் முன்சக்கரத்தைத் தடவிக்கொண்டு நின்றாளாம். இதை எனக்குச் சொன்னது காவலாளி. பள்ளியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டபோது அவள் இயந்திரச் சத்தத்தில் எடுக்கவில்லை. அப்புறம் வீட்டுக்குச் சொல்ல வேண்டியவள் நான்தான். நான் இன்னும் சொல்லவில்லை.

நீ விட்டுவிடு என்கிறாய். எதை விடுவது?

ரிப்பன் என்ன என்று கேட்டாய். நீ இருந்தபோது வாசற்படியில் குறுக்கே படுப்பாய். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் எழுந்து கதவுக்கு வந்தால் உன்மேல் தடுக்கி விழுவாள். நீ தூக்கிக்கொண்டுவந்து படுக்கவைப்பாய். நீ போன மறுநாள் இரவு அவள் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போய்விட்டாள். நான் விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. இரண்டு மாடி கீழே, தையல்கடைப் பூட்டைத் திருகிக்கொண்டு நின்றாள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா நாலு மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அப்பாவுக்கு முதல் பஸ். தூக்கம் கெட்டு அவர் வண்டி ஓட்டக்கூடாது. அதனால் சொல்லவில்லை. அன்றிலிருந்து கட்டிக்கொள்கிறேன்.

வகுப்பில் நான் தூங்கி விழுந்தபோது கணக்கு டீச்சர், "என்ன, ராத்திரியெல்லாம் காவல் வேலையா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ அங்கே நன்றாகத் தூங்குகிறாயா? இதைக் கேட்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

தங்கை


மார்ச் 14, சனி

தங்கச்சி,

தூங்குகிறேன். முதல் மாதம் தினமும் பத்து மணி நேரம் தூங்கினேன். வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன். விழிக்கும்போதெல்லாம், அப்பாடா, இங்கே யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்பு வரும். அடுத்த நினைப்பு, இப்போது அங்கே யார் எழுந்திருக்கிறார்கள் என்பது. அதை நான் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

நீ நினைப்பதுபோல் நான் உண்மை பேசிய உத்தமன் இல்லை. அந்தக் கூட்டத்தில் நான் சொன்னது இதுதான்: "எங்களால முடியல. இவளை வேற எங்கயாவது வச்சுப் பாத்துக்கங்க." பட்டாணிக்கு என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் வேண்டும் என்று சொன்னேன். அப்பாவுக்கு அது கேட்டது. அதனால்தான் அவருக்கு அவ்வளவு கோபம். அவர் என்னைப் போகச் சொன்னபோது நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, கவனித்தாயா? பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டேன்.

உனக்கு யோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்கள் வேலையில் ஒன்று செய்வோம், அதைச் சொல்கிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் முதலாளி, "பெட்டி நல்லாத்தான் ஓடுது, நேத்து மட்டும் கொஞ்சம் மக்கர்" என்பார். நாங்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. பெட்டிக்குள் ஒரு அட்டை தொங்கவிடுவோம். மணிக்கு மணி என்ன குளிர் என்று அதில் குறிக்க வேண்டும். நல்லது, கெட்டது எதுவும் எழுதக்கூடாது. மணியும் அளவும் மட்டும். நாலு நாள் அட்டையைப் பார்த்தால் எங்கே பழுது என்று தெரிந்துவிடும்.

நீயும் அப்படி ஒன்று எழுதிப் பார். அவள் செய்தது எது, நீ செய்தது எது என்று. யாரிடமும் காட்ட வேண்டாம். முதலில் உனக்கே தெரியட்டும்.

குப்பை வண்டி விஷயத்தை மட்டும் அம்மாவிடம் இன்றே சொல். இதில் நான் விளையாடவில்லை.

அண்ணன்


மார்ச் 22, ஞாயிறு, இரவு

அண்ணா,

நாளை கடைசி நாள். படிவம் எழுதியாகிவிட்டது, அப்பா கையெழுத்துப் போடவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குப்பை வண்டி விஷயத்தைச் செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "அப்பாகிட்ட இப்ப சொல்லாத, நான் சொல்றேன்" என்றாள். ஆனால் அவளும் சொல்லவில்லை.

அன்று இரவே பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அட்டை எழுத ஆரம்பித்தேன். '2.10 எழுந்தாள். கதவு வரை இழுத்தாள். 3.00 படுத்தாள். 5.40 பல் தேய்த்தது நான். துப்பியது அவள்.' இப்படி மூன்று இரவு எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை நோட்டைத் திறந்தால், என் எழுத்துக்குக் கீழே அம்மாவின் குண்டு எழுத்து. 'மணி 3.50. வேலைக்குக் கிளம்புமுன் வந்து பார்த்தேன். இரண்டு பேரும் தூங்குகிறார்கள். தினமும் பார்க்கிறேன். ரிப்பனைப் பார்த்திருக்கிறேன். கேட்கவில்லை.'

கேட்கவில்லை என்று தன்னைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். அது வரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை.

நேற்று அம்மா படிவத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, "வா, உக்காரு. முதல் கேள்வியப் படி" என்றாள். செப்டம்பரில் நான் எழுதியதை எல்லாம் சொல்லிவிட்டேன். "தெரியும். கையெழுத்துப் போட்டது நான்தானே. படிக்காம போட்டேன்னு நெனச்சியா? படிச்சேன். படிக்க நல்லா இருந்துச்சு, போட்டுட்டேன்" என்றாள்.

மூன்று மணி நேரம் எழுதினோம். அம்மா சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு எண்ணுகிற மாதிரியே ஒவ்வொன்றையும் எண்ணச் சொன்னாள். 'தானாகச் சாப்பிடுவாள்' என்று நான் எழுதப் போனால், "எத்தனை வாய்?" என்று கேட்டாள்.

"மூணு."

"அப்ப மூணுன்னு எழுது. மீதிய யாரு ஊட்டறாங்கன்னும் எழுது."

நல்லதையும் விடவில்லை. பட்டாணி நனைந்த துணியைத் தொட்டே காய்ந்ததா இல்லையா என்று பிரித்து வைப்பாள் அல்லவா? எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "அதப் போடு. எங்க புதுப் பொண்ணுங்களுக்கே அது ரெண்டு மாசம் ஆகும்" என்றாள். என்ன வேண்டும் என்ற கடைசிக் கேள்விக்கு, உதவியாளர் முழு நேரமும் இருக்க வேண்டும், மணி அடிப்பதற்கு முன்னால் அவளை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று அம்மாவே சொன்னாள். குப்பை வண்டியையும் எழுதினோம்.

இன்று சாயங்காலம் அப்பா படித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பாதியில் நிறுத்தி, "குப்பை வண்டியா?" என்றார். அம்மா பதில் சொன்னது கேட்கவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ரிப்பன் எப்பலேருந்து?"

"அண்ணன் போன மறுநாள்லேருந்து."

போன வருடத்துக்கு அப்புறம் உன்னைப் பற்றி இந்த வீட்டில் பேச்செடுத்தது இதுதான் முதல் தடவை. அவர் படிவத்தை மடித்துச் சீருடைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். இப்போது மணி பன்னிரண்டு. இன்னும் உள்ளே வரவில்லை. கிழித்துப் போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்னிடம் நகல் இல்லை.

தங்கை


மார்ச் 25, புதன்

தங்கச்சி,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. கொடுக்க வேண்டிய நாள் தாண்டி இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்தப் படிக்கட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் இன்றைக்கு ஒரு பெட்டிக்குள் வாயுவுக்குப் பதில் வெறும் காற்றை ஏற்றிவிட்டேன். உள்ளே குழாய் ஐஸாக உறைந்து நின்றது. அதிலிருந்து மேஸ்திரி என்னை ஐஸ் கட்டி என்று கூப்பிடுகிறார்.

நாளை கூட்டம். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் பள்ளி வாசலில் நிற்கலாம். நிலையம் வரைக்கும் போனேன். போன வருடம் நான் வாயைத் திறந்து கெடுத்ததை இந்த வருடம் என் முகத்தைக் காட்டிக் கெடுக்க வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். இதுவும் பாதி பொய். அப்பா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால் என்ன செய்வது என்பதுதான் நிஜம்.

என்ன ஆனது என்று உடனே எழுது. நீளமாக வேண்டாம். உதவியாளர் இருக்கிறாரா, போகிறாரா என்று ஒரு வார்த்தை போதும்.

அண்ணன்


மார்ச் 27, வெள்ளி, மாலை

அண்ணா,

இருக்கிறார்.

முழு நேரமும், இந்த ஆண்டு முடியும்வரை. ஆறு மாதத்தில் மறுபடியும் பார்ப்பார்களாம். மணி அடிக்கும் விஷயத்தையும் ஒப்புக்கொண்டார்கள். நேற்று மத்தியானமே உதவியாளர் அக்கா வாசலில் என் கன்னத்தைக் கிள்ளினார். இன்றைக்கும் வலிக்கிறது.

உன் கடிதம் இன்றைக்கு வந்தது. பகலில் எழுதுகிறேன், மேசையில் உட்கார்ந்து. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை அப்பா முதல் பஸ்ஸை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, சீருடையோடு போய்ப் படிவத்தைத் தானே பள்ளி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போட்டுத்தான். எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ராத்திரி வரைக்கும் அது கிழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தோம். கடைசியில் அம்மா கேட்டபோது, "கடைசி நாளு இன்னிக்குத்தானே, பின்ன கொடுக்காம?" என்றார்.

கூட்டத்துக்கு இரண்டு பேரும் போனார்கள். நான் வகுப்பில் இருந்தேன். அம்மா சொன்னதைத்தான் எழுதுகிறேன். தலைமை தாங்கிய அம்மையார் இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் ஒரே கை எழுதினது. ஆறு மாசத்துல எப்படி இவ்வளவு மாறுச்சு? எதை நம்பறது?" என்று கேட்டாராம். அப்பா எழுந்து நின்றுவிட்டாராம். உட்கார்ந்தே பேசலாம் என்று சொல்லியும் உட்காரவில்லையாம்.

"முதல் படிவம் பொய்ங்க. எழுதினது எங்க பெரிய பொண்ணு. போன வருஷம் என் பையன் இதே நாற்காலில உக்காந்து வீட்டு நிலமையச் சொன்னான். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கல, அவனை அனுப்பிட்டேன். அதப் பாத்த பொண்ணு வேற எப்படி எழுதுவா? ரெண்டாவதுதான் நெஜம். வேணும்னா வீட்டுக்கு வந்து பாருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வாங்க."

அந்த அம்மையார், "அவ்வளவு தேவையில்ல" என்று சொல்லிவிட்டு, இரவில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாராம். "இதுவரைக்கும் அவதான். இன்னியிலேருந்து நான்" என்றாராம் அப்பா.

நேற்று பட்டாணியின் அறையில் அப்பா படுத்தார். நான் கூடத்தில் படுத்தேன். இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அவள் எழுந்த சத்தமும் கேட்டது. அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் அதட்டினார். அது வேலைக்காகவில்லை. அப்புறம் தன் பஸ் நிற்கிற இடங்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி, மார்க்கெட், தண்ணீர்த்தொட்டி, நூலகம், டிப்போ. அங்கிருந்து திரும்பி டிப்போ, நூலகம், தண்ணீர்த்தொட்டி. மூன்று டிரிப் அடித்தார். நாலாவது டிரிப்பில் மார்க்கெட்டுக்கு அப்புறம் இரண்டு பேர் சத்தமும் இல்லை. இனி அப்பாவுக்கு மத்தியான வண்டி. டிப்போவில் கேட்டு மாற்றிக்கொண்டுவிட்டார். வாரத்தில் நாலு இரவு அப்பா, இரண்டு இரவு அம்மா, ஒரு இரவு நான்.

கூட்டத்தில் அப்பா உன்னைப் பற்றிச் சொன்னதை உனக்கு எழுதச் சொன்னதே அம்மாதான். "அவனுக்கு எப்படி எழுதறது?" என்று நான் முழித்தேன். "போதும் நடிப்பு. தையல்காரம்மா வாய் சும்மா இருக்கும்னு நெனச்சியா? முதல் கடிதம் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள். அதனால்தான் இப்போது ஒளிக்காமல் மேசையில் எழுதுகிறேன். டமாரம் என்கிற பெயரை அவருக்கு மாற்றிக் கொடுத்துவிடு.

அடுத்த படிவம் செப்டம்பரில். வீட்டில் யார் யார் உதவுகிறார்கள் என்று ஒரு கேள்வி வரும். உன் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று அம்மா கேட்கச் சொன்னாள். இல்லாததை எழுத மாட்டாளாம்.

தங்கை


ஏப்ரல் 2, வியாழன்

தங்கச்சி,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் சும்மா இருந்தேன். பதில் தெரியாமல் இல்லை. எழுதினால் செய்ய வேண்டுமே.

அம்மாவிடம் இப்படிச் சொல். இரவுகளில் என்னால் முடியாது. இந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வரவும் முடியாது. வந்தால் ஒரு வருடத்தில் மறுபடியும் பெட்டியை இறக்குவேன், என்னை எனக்குத் தெரியும். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலையிலிருந்து ராத்திரி ரயில் வரைக்கும், பட்டாணி என் பொறுப்பு. அன்றைக்கு நீ தூங்கு, படி, பூனைக்குட்டிச் செய்தி வாசி, உன் இஷ்டம். இரண்டு என்றுதான் எழுத வேண்டும். மூன்று என்று எழுத வேண்டாம்.

இதை முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டியது நான் என்று தோன்றியது. நேற்று இரவு பட்டறைப் போனிலிருந்து அவர் எண்ணுக்கே கூப்பிட்டேன்.

"யாரு?"

"நான்தான்பா."

அந்தப் பக்கம் பஸ் இன்ஜின் சத்தம் கேட்டது. வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை வரேன்பா. காலைல ரயில்ல. பட்டாணியப் பாத்துக்கறேன்."

"அந்த ரயில் எட்டுக்கு வருமா?"

"எட்டு அஞ்சு."

"ஞாயித்துக்கிழமைன்னா எனக்குக் காலை வண்டிதான். ஸ்டேஷன் வாசல்ல எட்டு இருபதுக்கு நிக்கும். அதுல ஏறு."

"டிக்கெட் எடுக்கணுமாப்பா?" என்று கேட்டுவைத்தேன்.

"எடுக்காம ஏறினா நடுவழில இறக்கி விட்டுடுவேன்" என்றார்.

அண்ணன்